நைட் விஷனில் படம் மங்கலா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

நைட் விஷன் கருவியில் படம் தெளிவாக இல்லை என்றதும் மனம் உடனே புதிதாக எதையாவது வாங்கி மாட்டத்தான் பார்க்கும். நடுவில் சின்னத் துளை உள்ள துளை மூடி, காப்புக் கண்ணாடி, க்ளோஸ்-அப் லென்ஸ், பெரிதாக்கி, கண் பதியும் ரப்பர் கிண்ணமான ஐகப் என்று சந்தையில் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யும். அதற்குக் கூலியாகக் கொஞ்சம் வெளிச்சத்தையோ பார்வைப் பரப்பையோ எடுத்துக்கொள்ளும். எந்த வேலை தேவை என்று தெரியாமல் மாட்டினால் இருந்த தெளிவும் போய்விடும். அதனால் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் இந்த முதல் சோதனையை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு சோதனை

கருவிக்குள் நடப்பது இதுதான். முன்பக்க லென்ஸ் வெளிக்காட்சியை டியூபின் முகப்பில் விழவைக்கிறது. டியூப் அதைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கித் தன் பின்பக்கத் திரையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ காட்டுகிறது. அந்தத் திரையை நாம் கண் பக்கத்து லென்ஸான ஐபீஸ் வழியாகப் பார்க்கிறோம். ஆக, ஃபோகஸ் இரண்டு இடத்தில் இருக்கிறது. முன்னால் காட்சிக்கு ஒன்று, பின்னால் உங்கள் கண்ணுக்கு ஒன்று. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. டிஜிட்டல் கருவியிலும் கணக்கு இதேதான், டியூபுக்குப் பதில் சென்சாரும் குட்டித் திரையும்.

முன்னால் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இருட்டறைக்குப் போய், லென்ஸ் மூடியைப் போட்டபடியே கருவியை இயக்குங்கள். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகி இருந்தால் முழுதாக ஏற்றுங்கள். திரையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மினுங்கும். டியூபில் பிறவியிலேயே இருக்கும் ஒன்றிரண்டு கரும்புள்ளிகளும் தெரியலாம். இவை திரையிலேயே இருப்பவை, முன் லென்ஸ் இவற்றைத் தொடுவதே இல்லை. டிஜிட்டல் என்றால் மெனுவின் எழுத்துகளைப் பாருங்கள்.

இந்தப் பொடிப்புள்ளிகள் கூர்மையா, மங்கலா? இந்த ஒரு கேள்விக்கான பதில் கோளாறு முன்னாலா பின்னாலா என்று சொல்லிவிடும். கீழே வரும் பல அறிகுறிகளுக்கும் இதே கேள்விக்குத்தான் திரும்ப வருவோம்.

பொடிப்புள்ளிகளே மங்கல்

ஐபீஸ் பக்கத்துக் கோளாறு. முன்பக்க ஃபோகஸ் வளையத்தை எவ்வளவு திருகினாலும் சரியாகாது.

ஐபீஸில் இருக்கும் ஃபோகஸ் வளையமான டயாப்டர் வளையத்தைப் பிளஸ் பக்கம் கடைசி வரை திருப்புங்கள். எல்லாம் கலங்கிப் போகும். அங்கிருந்து மெதுவாகத் திரும்பி வாருங்கள். புள்ளிகள் முதன்முதலாகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் திருப்பினாலும் கொஞ்ச நேரம் கூர்மையாகவே தெரியும், ஏனென்றால் கண் தானே தசையை இறுக்கி ஈடுகட்டிக்கொள்ளும். அப்படி விட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் தலைவலி வரும், படமும் விட்டு விட்டு மங்கும். "ஆரம்பத்தில் நன்றாக இருந்தது, போகப் போக ஃபோகஸ் போய்விட்டது" என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருப்பது அதிகம்.

எங்கே நிறுத்தினாலும் புள்ளிகள் முழுதாகக் கூடவில்லை, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சின்னக் கோடுகளாகத் தெரிகின்றன என்றால், கருவியை மட்டும் கண் முன்னால் வைத்தபடியே சுழற்றிப் பாருங்கள். கோட்டின் திசை மாறாமல் அப்படியே நின்றால் அது உங்கள் கண்ணின் சிதறல் பார்வை (அஸ்டிக்மேட்டிசம்). டயாப்டர் வளையம் கிட்டப்பார்வையையும் தூரப்பார்வையையும் ஈடுகட்டும், சிதறல் பார்வையை ஈடுகட்டாது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அதற்கு உதவும் துணைப்பொருள் குட்டையான ஐகப், அல்லது மடக்கிக்கொள்ளும் ஐகப். ஆழமான ஐகப்போடு கண்ணாடியும் போட்டால் கண் தள்ளிப்போய்ப் படத்தின் ஓரம் வெட்டுப்படும். கருவியோடு சேர்ந்து கோடும் சுழன்றால் குற்றம் ஐபீஸில் இருக்கிறது.

இரட்டைக் குழல் கருவியில் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். மற்றக் குழலை மூடியால் மறையுங்கள், கண்ணைச் சுருக்கி மூடாதீர்கள். ஒரு கண்ணைச் சுருக்கினால் திறந்திருக்கும் கண்ணும் இறுகும்.

புள்ளிகள் கூர்மை, காட்சி எந்தத் தூரத்திலும் மங்கல்

இப்போது முன்பக்க வளையம். தூர ஃபோகஸ் வைக்க விண்மீனை மிஞ்சிய இலக்கு இல்லை. நடுத்தர ஒளியுள்ள ஒன்றைப் படத்தின் நடுவில் நிறுத்துங்கள். வளையத்தைத் திருப்பத் திருப்ப வெளிறிய வட்டு சுருங்கிச் சுருங்கி ஊசிமுனை ஆகும். அந்த நொடியில் பக்கத்தில் அதுவரை தெரியாத மங்கலான விண்மீன்கள் பொட்டுப் பொட்டாகத் தலைகாட்டும். பெரிய விண்மீனைவிட அந்தச் சின்னவற்றை நம்புங்கள். அவை கண்ணில் பட்டாலே ஃபோகஸ் கூடிவிட்டது என்று பொருள். மேகம் இருந்தால் வானத்துக்கு எதிரில் நிற்கும் தொலைதூரக் கம்பி, கோபுர முனை ஏதாவது போதும். விளக்கை மட்டும் இலக்காக வைக்காதீர்கள், அதைச் சுற்றி எழும் ஒளிவட்டம் ஏமாற்றும்.

வளையம் கடைசி வரை போய் முட்டிய பிறகும் விண்மீன் ஊசிமுனை ஆகவில்லையா? முன்னால் க்ளோஸ்-அப் லென்ஸ் ஏதும் மாட்டியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் தூர நிறுத்தம், அதாவது தூரப் பக்கம் வளையம் முட்டி நிற்கும் இடம், நகர்ந்திருக்கலாம். சில கருவிகளில் அதற்கெனத் தனி வளையமும் பூட்டுத் திருகும் உண்டு. கையேட்டைப் பார்த்து அதைத் தளர்த்தி, விண்மீனில் ஃபோகஸ் வைத்து, மீண்டும் பூட்டலாம்.

தூரம் பளிச்சென்று இருக்கிறது, பக்கத்தில் இருப்பது எல்லாம் கலங்கல்

இது கோளாறே இல்லை, லென்ஸின் குணம். துணைப்பொருள் உண்மையிலேயே கைகொடுக்கும் இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தலையில் மாட்டும் ஒற்றைக்குழல் கருவிகளில் பரவலாக இருப்பது 26 மி.மீ. குவியத் தூரமும் எஃப் 1.2 திறப்பும் கொண்ட லென்ஸ். அதாவது ஒளி நுழையும் வாய் சுமார் 22 மி.மீ. அகலம். இருட்டில் ஒளியை அள்ள அவ்வளவு பெரிய வாய் வேண்டும். ஆனால் வாய் பெரிதானால் ஃபோகஸின் ஆழம் குறையும். விண்மீனில் ஃபோகஸ் வைத்தால் ஏறக்குறைய 35 மீட்டருக்கு அப்பால்தான் டியூப் காட்டக்கூடிய முழுக் கூர்மை கிடைக்கும். காலடியில் கிடக்கும் கல், கையில் இருக்கும் சாவி எல்லாம் பஞ்சுதான்.

துளை மூடி செய்வது வாயைச் சுருக்குவது. கணக்கு எளிது: துளையின் விட்டம் பாதியானால் கூர்மை தொடங்கும் தூரமும் பாதியாகும், ஆனால் ஒளி கால்வாசியாகிவிடும். 22 மி.மீ. வாயை 5.5 மி.மீ. துளையாக்கினால் அந்த 35 மீட்டர் ஒன்பது மீட்டராக இறங்கும். வளையத்தையும் அந்த ஒன்பது மீட்டரில் வைத்துவிட்டால் நாலரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஒரே தெளிவில் கிடைக்கும். விலையாகக் கொடுப்பது பதினாறில் பதினைந்து பங்கு ஒளி. எவ்வளவு கூர்மை இருந்தால் திருப்தி என்பதைப் பொறுத்து இந்தத் தூரங்கள் ஆளுக்கு ஆள் மாறும், விகிதம் மாறாது.

பதினாறில் ஒரு பங்கு என்றதும் பயப்பட வேண்டாம். நிலா வெளிச்சத்திலும் தெருவிளக்கு எட்டும் இடத்திலும் டியூபின் தானியங்கி ஒளிக்கட்டுப்பாடு ஏற்கனவே படத்தை அடக்கித்தான் வைத்திருக்கும். துளை போட்டால் அது தன் பிடியைத் தளர்த்திவிடும், திரையின் பிரகாசம் பெரிதாக மாறாது. நிலா இல்லாத இரவில், மரங்களுக்கு அடியில் அதே துளையைப் போட்டால் பொடிப்புள்ளிகள் பெருகிக் காட்சியையே மூடிவிடும். கும்மிருட்டில் துளை மூடியைக் கழற்றிப் பையில் போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். துளை, லென்ஸ் கண்ணாடிக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். நீளமான குழாயின் நுனியில் சின்னத் துளை வைத்தால் படத்தின் ஓரங்கள் கருத்துவிடும். 40 டிகிரி பார்வை கொண்ட கருவியில் இது நன்றாகவே தெரியும். இரண்டாவது, ஒரு விரலால் திறந்து மூட முடிய வேண்டும். சுருக்கி விரிக்கும் ஐரிஸ் வகையில் அளவைத் துல்லியமாக வைக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் இருட்டில் இப்போது எந்த அளவில் நிற்கிறது என்று கைக்குத் தெரியாது. கதவு போல மடங்கும் எளிய துளை மூடிக்கே என் ஓட்டு.

பக்கத்தில் உள்ளதை மட்டும் பார்த்தால் போதும், வரைபடம் படிக்க வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும் என்றால் க்ளோஸ்-அப் லென்ஸ் பொருத்தம். முன் வளையம் தூரத்தில் இருக்கும்போது +1 லென்ஸ் போட்டால் ஒரு மீட்டரில் ஃபோகஸ் விழும், +2 என்றால் அரை மீட்டரில், +4 என்றால் 25 செ.மீ.யில். நிறையக் கருவிகள் வளையத்தைத் திருப்பினாலே 25 செ.மீ. வரை வந்துவிடுமே, எதற்கு இது என்று கேட்கலாம். தூர ஃபோகஸைக் கலைக்காமல் மேலே மடக்கிக்கொள்ள முடிகிறதே, அதற்குத்தான். ஒளியும் கிட்டத்தட்டக் குறையாது, அதனால் கும்மிருட்டிலும் உதவும். இரட்டைக் குழல்காரர்கள் சிலர் ஒரு குழலைத் தூரத்துக்கும் மற்றதைக் கைத்தொலைவுக்கும் வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள். சிலருக்கு அது பழகிவிடும், சிலருக்குக் குமட்டும்.

துளை மூடியோடு தெளிவு, திறந்தால் மங்கல்

துளை மூடியைப் போட்டபடியே ஃபோகஸ் வைத்திருக்கிறீர்கள். துளை வழியாகப் பார்க்கும்போது வளையம் எங்கே இருந்தாலும் எல்லாமே சுமாராகத் தெளிவாகத் தெரியும், தவறு மறைந்துவிடும். பகல் மூடியில் இருக்கும் ஊசித்துளையும் அப்படித்தான். அது டியூபைப் பகல் ஒளியிலிருந்து காப்பதற்கு. ஃபோகஸ் எப்போதும் முழு வாயோடு, இருட்டில் வைக்க வேண்டும். அதன் பிறகே மூடி.

தொடக்கத்தில் தெளிவு, நேரம் ஆக ஆகப் புகை படிந்தது போல

பனிப்பு, அதாவது கண்ணாடியில் ஈரம் படிவது. எந்தக் கண்ணாடியில் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பொடிப்புள்ளிகளும் சேர்ந்து மங்கினால் ஐபீஸில், உங்கள் முகத்தின் வியர்வையும் மூச்சும். பொடிப்புள்ளிகள் கூர்மையாக இருந்து காட்சி மட்டும் வெளிறினால் முன் லென்ஸில்.

ஐபீஸுக்கு அதன் மேல் அழுத்திப் பொருத்தும் மெல்லிய பனிப்புத் தடுப்புத் தகடு கிடைக்கும். காற்று போக வழியுள்ள ஐகப்பும் நல்லது. முகத்தோடு ஒட்டி அடைக்கும் ரப்பர் ஐகப்தான் பனிப்புக்கு முதல் எதிரி. முன் லென்ஸில் பனிப்பது வேறு காரணத்தால். தெளிந்த வானத்தை நோக்கி இருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும், ஈரம் அதில் படியும். லென்ஸைச் சுற்றி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டையான ஹூட் ஒன்று அதைத் தள்ளிப்போடும். பனிப்புத் தடுப்புத் திரவத்தைப் பூசுவதானால் முன்னால் மாட்டும் காப்புக் கண்ணாடியில் பூசுங்கள், லென்ஸின் பூச்சில் நேரடியாக வேண்டாம். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்குள் போகிறீர்கள் என்றால் கருவியை மூடிய பைக்குள்ளேயே விட்டுவைத்து, சூடு சமமான பிறகு வெளியே எடுங்கள்.

துடைத்தும் போகாத பனிப்பு, கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கிறது. உள்ளே அடைத்திருந்த உலர் வாயு கசிந்து ஈரம் புகுந்துவிட்டது. இதற்குத் துணைப்பொருள் எதுவும் கிடையாது. கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றி மீண்டும் உலர் வாயு நிரப்ப வேண்டும்.

ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கைப் போட்டதும் கெடுகிறது

முன்னால் வெள்ளைப் புகை போல எழுந்தால், விளக்கின் ஒளி உங்கள் லென்ஸ் விளிம்பிலோ, காப்புக் கண்ணாடியிலோ, அருகிலுள்ள இலையிலோ பட்டுத் திரும்புகிறது. விளக்கை முன்னுக்குத் தள்ளி, லென்ஸ் விளிம்பு அதன் ஒளிப்பாதையில் வராதபடி வையுங்கள். லென்ஸுக்கு ஹூட் போடுங்கள். காப்புக் கண்ணாடியில் தூசு இருந்தால் அதுவும் இப்போதுதான் எரிந்து தெரியும். முதலில் ஊதி அகற்றிவிட்டு அப்புறம் லென்ஸ் துணியால் துடையுங்கள், மணலோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் நிரந்தரம். மூடுபனியில் விளக்கை அணைப்பதே மேல்.

புகை இல்லை, ஆனால் ஃபோகஸ் மட்டும் லேசாக விலகுகிறது என்றால் அது ஒளியின் நிறம் மாறியதால். 850 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் அதே இடத்தில் குவியாது. பகலில் ஃபோகஸ் வைத்த டிஜிட்டல் கருவி இரவில் ஐஆரோடு மங்குவதும் இதனால்தான். விளக்கைப் போட்டுக்கொண்டே மறுபடி ஃபோகஸ் வையுங்கள்.

940 நானோமீட்டர் விளக்கு போட்டும் வெளிச்சமே கூடவில்லையா? மூன்றாம் தலைமுறை டியூபின் உணர்திறன் 900 நானோமீட்டர் அருகிலேயே சரிந்துவிடும். அந்த விளக்கு டிஜிட்டல் கருவிக்கு ஆகும், இதற்கு ஆகாது.

புது ஃபில்டர் மாட்டியதும் படம் இருண்டு, மணல் மணலாக

கேமராவுக்கான புற ஊதா-அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டரைக் காப்புக் கண்ணாடியாக மாட்டியிருக்கிறீர்களா? இரவு வானத்தின் ஒளியில் டியூப் விரும்பிச் சாப்பிடுவதே அகச்சிவப்பை ஒட்டிய பகுதி. அதை வாசலிலேயே தடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சாதாரணப் பூச்சில்லாத கண்ணாடி அவ்வளவு மோசமில்லை. ஒரு பரப்புக்குச் சுமார் 4 சதவீதம் வீதம் இரண்டு பரப்புக்கும் 8 சதவீதம் திருப்பி அனுப்பும். ஆனால் விளக்குகள் இருக்கும் இடத்தில் அந்தத் திரும்பிய ஒளி, நடுவுக்கு எதிர்ப்பக்கத்தில் பேய்விளக்காக நிற்கும். கழற்றினால் மறைகிறது என்றால் பூச்சுள்ள கண்ணாடிக்கு மாறுங்கள்.

விளக்குகளைச் சுற்றி வட்டம்

வட்டத்தின் ஓரம் அறுத்தாற்போல் இருந்து, ஃபோகஸை மாற்றினாலும் அளவு மாறாமல் நின்றால் அது டியூபின் குணம். உள்ளே சிதறித் திரும்பும் எலக்ட்ரான்கள் வரைவது. எந்த லென்ஸாலும் அதை எடுக்க முடியாது, துளை மூடி போட்டால் உறுத்தல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஓரமில்லாமல் கசிந்து பரவும் வட்டம் என்றால் கண்ணாடியில் விரல்ரேகை.

நடு தெளிவு, ஓரம் மங்கல்

எல்லா ஓரமும் சமமாக மங்கினால் பெரும்பாலும் கண் சரியான தூரத்தில் இல்லை. ஐகப்பை மாற்றியோ தாங்கியை முன்பின் நகர்த்தியோ பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் முன்னால் மாட்டியது சாய்ந்திருக்கிறது. மரை குறுக்கே ஏறியிருக்கும், கழற்றி மெதுவாக மறுபடி ஏற்றுங்கள். எதுவும் மாட்டாமலே ஒரு பக்கம் மங்கல் என்றால் லென்ஸோ டியூபோ உள்ளே நகர்ந்திருக்கிறது.

பெரிதாக்கி மாட்டியதும் எதுவும் கூடவில்லை

வரிசை முக்கியம். பெரிதாக்கி இல்லாமல் முன் வளையத்தை விண்மீனில் வைத்துவிட்டு அதை அப்படியே விடுங்கள். பிறகு பெரிதாக்கியை ஏற்றி, அதன் சொந்த வளையத்தால் மட்டும் ஃபோகஸ் வையுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் விடிந்தாலும் ஃபோகஸ் கிடைக்காது.

அப்படியும் படம் இருட்டாக இருக்கிறது என்றால் கண்ணாடியின் அளவைப் பாருங்கள். மூன்று மடங்கு பெரிதாக்கி, 22 மி.மீ. வாயின் பிரகாசத்தைக் குறைக்காமல் இருக்க அதன் முன்கண்ணாடி 66 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிடச் சின்னது எல்லாம் ஒளியை விழுங்கும். 40 டிகிரி பார்வை 13 டிகிரியாகச் சுருங்கும், கை நடுக்கமும் மூன்று மடங்காகும். ஃபோகஸ் இல்லை என்று நினைப்பது வெறும் நடுக்கமாக இருக்கலாம், எதன் மீதாவது சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிற்பது தெளிவு, அசைவது இழுபடுகிறது

டிஜிட்டல் கருவி, வெளிச்சம் போதவில்லை. சென்சார் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. ஐஆர் விளக்கைக் கூட்டுங்கள், அதன் ஒளிவட்டத்தைக் குறுக்கி இலக்கில் குவியுங்கள். துளை மூடி போட்டிருந்தால் கழற்றுங்கள்.

நடக்க நடக்க ஃபோகஸ் நழுவுகிறது

வளையம் தளர்ந்திருக்கிறது, அல்லது கை பட்டுத் திரும்புகிறது. ஃபோகஸ் பூட்டு வளையம் கிடைக்கும். இல்லாவிட்டால் அகலமான ரப்பர் பட்டை ஒன்றை வளையமும் உடலும் சேரும் இடத்தில் போட்டாலே போதும். முன்னால் கனமான பொருள் தொங்கினால் அதுவே வளையத்தை இழுக்கும்.

எதிலும் அடங்கவில்லை

வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவியின் முன்னால் இந்தச் சாமான்களில் எதையாவது மாட்டி, ஒன்றுமே தெரியவில்லை என்கிறீர்களா? சாதாரணக் கண்ணாடி வெப்ப அலையை உள்ளே விடாது, அதற்கு ஜெர்மானியம் வேண்டும். வாகனக் கண்ணாடி வழியாக நைட் விஷனில் பார்ப்பவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாருங்கள். வெயில் தடுப்புப் பூச்சு அகச்சிவப்பையும் சேர்த்தே தடுக்கும்.

துணைப்பொருள் எதுவும் இல்லாமல், இரண்டு வளையமும் சரியாக இருந்து, திரையின் ஒரு பகுதி மட்டும் நிரந்தரமாகக் கலங்கியோ எரிந்தோ தெரிந்தால் அது டியூப். திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே மின்கலம் சிறியதாக இருந்தாலும் டியூப் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்டில், திறந்த கையோடு வாயு அடைப்பும் போய்விடும். எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது, பொடிப்புள்ளிகள் கூர்மையா மங்கலா என்று ஒரு தாளில் எழுதிக் கருவியோடு சேர்த்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.